எங்கிருந்து அளந்தது இந்த அழுத்தம்?

அழுத்தத்தை ஓர் அலகிலிருந்து இன்னோர் அலகுக்கு மாற்றுவது எளிய வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எண்ணை எடுத்துக்கொள், காரணியால் பெருக்கு, விடையை எழுது. கைப்பேசியில் தட்டினால் பத்துப் பன்னிரண்டு தசம இடங்களுடன் விடை வந்து நிற்கும். அழுத்தமானிகளோடும் வெற்றிடப் பம்புகளோடும் பிழைப்பு நடத்துகிறவன் நான். இந்த மாற்றல்களை நாள்தோறும் செய்கிறேன், பிறர் செய்வதைச் சரிபார்க்கிறேன். பெருக்கலில் தவறுகிறவர்கள் மிகக் குறைவு. பெருக்கும் முன் அந்த எண் எங்கிருந்து அளக்கப்பட்டது, எதைக் கொண்டு அளக்கப்பட்டது என்று கேட்காதவர்கள்தான் அதிகம். நீளத்தை மாற்றும்போது இப்படி எதுவும் கேட்கத் தேவையில்லை. ஓர் அங்குலம் எங்கே வைத்தாலும் 25.4 மில்லிமீட்டர்தான். அழுத்தத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் சீக்கிரமே கேட்டுவிடுவார்கள்: "அழுத்தத்துக்கு மட்டும் ஏன் சார் இத்தனை அலகுகள்?" நியாயமான கேள்வி. ஒரே அறையில் ஒரு மானி பாரில் காட்டும். அதன் பக்கத்து மானி பிஎஸ்ஐயில், அதாவது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு விசை என்று காட்டும். வெற்றிடக் கலத்தில் டார், சுவரில் இருக்கும் காற்றழுத்தமானியில் ஹெக்டோபாஸ்கல், பழைய கொதிகலனின் தகட்டில் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோகிராம் விசை. யாரோ வேண்டுமென்றே குழப்பி வைத்ததுபோல் தோன்றும். ஆனால் ஒவ்வோர் அலகும் ஒரு கருவியிலிருந்து பிறந்தது. அந்தக் கருவி எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால் அலகின் குணமும் தெரிந்துவிடும். ஆகவே நான் பாதரசத்திலிருந்து தொடங்குவேன்.

1640களில் எவாஞ்சலிஸ்டா டாரிசெல்லி, தன் நண்பர் விவியானியின் துணையோடு, ஒரு முனை மூடிய நீண்ட கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசம் இருந்த கிண்ணத்தில் கவிழ்த்து நிறுத்தினார். குழாயிலிருந்த பாதரசம் முழுவதும் கொட்டிவிடவில்லை. ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிட்டது. வெளியே கிண்ணத்தின் மேல் அழுத்தும் காற்றுதான் அதைத் தாங்கி நிற்கிறது என்று அவர் சொன்னார். காற்று என்னும் கடலின் அடியில் நாம் மூழ்கி வாழ்கிறோம் என்று 1644இல் ஒரு கடிதத்திலும் எழுதினார். அது உண்மையானால், மலைமேல் ஏறும்போது மேலே இருக்கும் காற்று குறைய வேண்டும், பாதரசமும் இறங்க வேண்டும். இதைச் சோதித்துப் பார்க்கும்படி பிளெய்ஸ் பாஸ்கல் தன் மைத்துனர் ஃப்ளோரன் பெரியேவைக் கேட்டுக்கொண்டார். 1648 செப்டம்பர் 19 அன்று பிரான்சின் புய் தெ தோம் மலையில் பெரியே அந்தச் சோதனையைச் செய்தார்.

அவர் எழுதி வைத்த அளவுகள் இன்றும் கிடைக்கின்றன. அலகு மாற்றலைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. மலையடிவாரத்தில் கிளேர்மோன் நகரத்து மடத்துத் தோட்டத்தில் பாதரசம் 26 அங்குலம் 3½ கோடு உயரம் நின்றது. உச்சியில் 23 அங்குலம் 2 கோடு. கோடு என்பது அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அங்குலம் என்பது அக்காலப் பிரெஞ்சு அங்குலம், 27.07 மில்லிமீட்டர். இன்றைய 25.4 மில்லிமீட்டர் அங்குலம் என்று எடுத்துக்கொண்டால் தொடக்கத்திலேயே ஆறு சதவீதத்துக்கு மேல் பிசகிவிடும். எதைக் கொண்டு அளந்தார்கள் என்ற கேள்வி முதல் அடியிலேயே வந்துவிடுகிறது.

கணக்கைப் போடுவோம். அடிவாரத்தில் 711.7 மில்லிமீட்டர், உச்சியில் 627.1 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் பாதரசம் 133.322 பாஸ்கல், அதாவது 1.33322 ஹெக்டோபாஸ்கல். பெருக்கினால் கீழே 949, மேலே 836. வித்தியாசம் 113 ஹெக்டோபாஸ்கல். அந்த உயரங்களில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏறினால் இன்றைய நியம வளிமண்டல அட்டவணைப்படி குறைய வேண்டியது 110ஐ ஒட்டி. முந்நூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன் கண்ணாடிக் குழாயையும் அளவுகோலையும் சுமந்துகொண்டு மலையேறியவர்களின் எண் இவ்வளவு நெருங்கி வருகிறது. இதை ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் எனக்கு மனம் நிறைந்துவிடும். இன்னொரு விஷயமும் உண்டு. பெரியே மலைக்குப் போனபோது இன்னொரு குழாயை மடத்திலேயே விட்டு, ஒரு துறவியை நாள் முழுவதும் அதைக் கவனிக்கச் சொல்லியிருந்தார். அது அசையவே இல்லை. அந்த ஒரு ஏற்பாடு இல்லாவிட்டால், வானிலை மாறியதால் பாதரசம் இறங்கியது என்று யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

இப்போது அந்த 949ஐ மறுபடி பாருங்கள். கணிப்பான் எனக்குக் கொடுத்தது 948.85. நான் ஏன் அப்படி எழுதவில்லை? ஒரு மில்லிமீட்டர் பாதரசத்துக்கு 133.322 பாஸ்கல் என்று சொல்லும்போது இரண்டு நிபந்தனைகளைச் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்கிறோம். பாதரசத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 13.5951 கிராம், அதாவது அது 0 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. ஈர்ப்பு முடுக்கம் 9.80665, அதாவது 1901இல் எடைகள் அளவைகள் பற்றிய பன்னாட்டுப் பொது மாநாடு நிர்ணயித்த நியம மதிப்பு. செப்டம்பர் மாதத்துத் தோட்டத்தில் பாதரசம் 0 டிகிரியில் இருந்திருக்காது. 20 டிகிரியில் பாதரசம் விரிந்து, அதே அழுத்தத்துக்குக் கம்பம் 0.36 சதவீதம் கூடுதலாக நிற்கும். 711 மில்லிமீட்டருக்கு அது இரண்டரை மில்லிமீட்டர், மூன்று ஹெக்டோபாஸ்கலுக்கு மேல். அன்றைய வெப்பநிலை நம் கையில் இல்லாதபோது தசமப் புள்ளிக்குப் பின்னால் எழுதும் எண்ணுக்குப் பொருளே இல்லை. 949இன் கடைசி 9கூட எனக்குச் சந்தேகம்தான்.

ஈர்ப்பும் அப்படியே. நிலநடுக்கோட்டில் 9.780, துருவத்தில் 9.832. 101325 பாஸ்கல் என்ற ஒரே அழுத்தம், பாதரசம் 0 டிகிரியில் இருந்தாலும், நிலநடுக்கோட்டில் 762 மில்லிமீட்டரும் துருவத்தில் 758 மில்லிமீட்டரும் காட்டும். பழைய வானிலை நிலையங்களில் பாதரசக் காற்றழுத்தமானியின் பக்கத்தில் இரண்டு திருத்த அட்டவணைகள் இருந்ததற்கு இதுவே காரணம்: ஒன்று வெப்பநிலைக்கு, ஒன்று அட்சரேகைக்கு. வாசிப்பை எடுத்ததும் அந்தத் திருத்தங்களைச் செய்த பிறகுதான் அது அழுத்தம். அதுவரை அது ஒரு நீளம், அவ்வளவுதான்.

இந்தப் பின்னணியில் பாஸ்கல் என்ற அலகின் அருமை புரியும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நியூட்டன் விசை. இதில் திரவம் இல்லை, வெப்பநிலை இல்லை, ஊரின் ஈர்ப்பு இல்லை. 1971இல் பன்னாட்டு மாநாடு இந்தப் பெயரை ஏற்றது. அலகு மிகச் சிறியது என்பது உண்மை. மேசைமேல் கிடக்கும் ஒற்றைத் தாள்கூட ஒரு பாஸ்கலை ஒட்டித்தான் அழுத்துகிறது. அதனால்தான் வானிலையில் ஹெக்டோ, பொறியியலில் மெகா, பூமியின் உள்ளே போகும்போது கிகா என்று முன்னொட்டுகள் சேர்கின்றன. பூமியின் மையத்தில் ஏறத்தாழ 360 கிகாபாஸ்கல், அதாவது 36 லட்சம் பார். நல்ல வெற்றிடக் கலத்துக்குள் பாஸ்கலின் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே போகலாம். இவை எல்லாவற்றையும் ஒரே அலகின் பத்தின் அடுக்குகளாக எழுத முடிகிறது என்பதே பெரிய வசதி.

ஆகவே என் வழக்கம் இது: எந்த அலகில் எண் வந்தாலும் முதலில் பாஸ்கலுக்குக் கொண்டுபோவேன், பிறகு வேண்டிய அலகுக்கு. குழாயில் போகும் வாயுவின் அழுத்தம் 5 அங்குல நீர் என்று வந்தால், ஓர் அங்குல நீர் 249 பாஸ்கல், ஆக 1245 பாஸ்கல். அங்கிருந்து 12.45 மில்லிபார் என்றோ, 6895ஆல் வகுத்து 0.18 பிஎஸ்ஐ என்றோ எழுதிக்கொள்ளலாம். அங்குல நீரிலிருந்து பிஎஸ்ஐக்கு நேரடிக் காரணி என்று ஒன்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பத்து அலகுகளுக்கு இடையே தொண்ணூறு நேரடிக் காரணிகள் இருக்கின்றன. பாஸ்கல் வழியாகப் போனால் பத்து போதும்.

பிஎஸ்ஐயின் காரணியை ஒருமுறையாவது சொந்தமாகக் கண்டுபிடித்துப் பார்க்கும்படி மாணவர்களிடம் சொல்வேன். ஒரு பவுண்டு விசை 4.448 நியூட்டன். ஓர் அங்குலம் 0.0254 மீட்டர். கீழே இருப்பது சதுர அங்குலம், ஆகவே 0.0254ஐ இருமுறை பெருக்க வேண்டும்: 0.00064516 சதுர மீட்டர். வகுத்தால் 6895 பாஸ்கல். வர்க்கத்தை மறந்தால் 175 வரும், உண்மை மதிப்பில் நாற்பதில் ஒரு பங்கு. விரலால் ஒரு சதுர அங்குலத்தில் ஒரு பவுண்டு வைத்தால் என்ன ஆகும் என்று யோசிக்கிறவருக்கு 175 உடனே உறுத்தும். வளிமண்டலம் முழுவதும் 14.7 பிஎஸ்ஐ, 101 கிலோபாஸ்கல் என்று தெரிந்தால் ஒரு பிஎஸ்ஐ ஏழு கிலோபாஸ்கலை ஒட்டி இருந்தாக வேண்டும். கணிப்பானைத் தொடும் முன் விடையின் அளவை ஊகிக்கும் இந்தப் பழக்கம் எல்லா அட்டவணைகளையும்விட உதவும்.

அடுத்தது 'ஒரு வளிமண்டலம்' என்ற பெயரின் அருகில் நிற்கும் மூன்று எண்கள். 1954இல் நியம வளிமண்டலம் என்பது 101325 பாஸ்கல் என்று துல்லியமாக நிர்ணயிக்கப்பட்டது. ஒரு பார் 100000 பாஸ்கல். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் விசை 98066.5 பாஸ்கல், இதைத் தொழில்நுட்ப வளிமண்டலம் என்பார்கள். மூன்றும் மூன்றரை சதவீத வித்தியாசத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அதனால் மூன்றையும் ஒன்றாகவே பாவிக்கும் வழக்கம் பட்டறைகளில் பரவலாக உண்டு. டயருக்குக் காற்றடிக்கும்போது அதனால் ஒரு கேடும் இல்லை. வேதியியலில் கதை வேறு. தூய மற்றும் பயன்பாட்டு வேதியியலின் பன்னாட்டுச் சங்கம் 1982இல் நியம அழுத்தத்தை ஒரு வளிமண்டலத்திலிருந்து ஒரு பாராக மாற்றியது. 0 டிகிரி செல்சியஸில் ஒரு மோல் வாயுவின் பருமன் அதற்கு முன் 22.414 லிட்டர், அதன் பிறகு 22.711 லிட்டர். இரண்டு பாடநூல்களில் இரண்டு எண்களைப் பார்த்துத் திகைக்கும் மாணவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இரண்டும் சரிதான், அழுத்தம்தான் வேறு. தண்ணீரின் கொதிநிலைக்கும் இது பொருந்தும். ஒரு வளிமண்டலத்தில் 99.97 டிகிரி, ஒரு பாரில் 99.61.

டாருக்கும் மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பற்றி யாராவது கேட்டால், அது 70 லட்சத்தில் ஒரு பங்கு. டார் என்பது நியம வளிமண்டலத்தை 760ஆல் வகுத்தது, மற்றது அடர்த்தியிலிருந்தும் ஈர்ப்பிலிருந்தும் வருவது. நடைமுறையில் இரண்டும் ஒன்றே. இதில் நேரம் செலவிட வேண்டாம்.

நேரம் செலவிட வேண்டிய இடம் பூஜ்யம். அழுத்தமானிகளில் பெரும்பாலானவை காட்டுவது கேஜ் அழுத்தம், அதாவது சுற்றியுள்ள காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும். முழு வெற்றிடத்திலிருந்து அளந்தால் அது தனி அழுத்தம். மேசைமேல் நிற்கும் குழந்தையின் தலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று மேசையிலிருந்து அளப்பதும் தரையிலிருந்து அளப்பதும் போல. அலகு இரண்டுக்கும் ஒன்றே. மாற்றுக் காரணியும் ஒன்றே. எண் மட்டும் முற்றிலும் வேறு.

டயரில் 32 பிஎஸ்ஐ என்றால் அது கேஜ். பாஸ்கலில் 221 கிலோபாஸ்கல். இதை வைத்துக்கொண்டு, ஓடும்போது டயர் சூடானால் அழுத்தம் எவ்வளவு ஆகும் என்று கணக்கிடுவோம். 27 டிகிரியிலிருந்து 57 டிகிரிக்கு ஏறினால் தனி வெப்பநிலை, அதாவது செல்சியஸுடன் 273 சேர்த்தது, 300இலிருந்து 330, பத்து சதவீத உயர்வு. வாயு விதிப்படி அழுத்தமும் அதே வீதத்தில் ஏறும். 32ஐப் பத்து சதவீதம் கூட்டி 35.2 என்று எழுதுகிறவர்கள் ஏராளம். வாயு விதிக்கு நம் மேசை எங்கே இருக்கிறது என்று தெரியாது, அதற்குத் தரை மட்டுமே தெரியும். 32உடன் 14.7ஐச் சேர்த்து 46.7, அதன் 1.1 மடங்கு 51.4, அதிலிருந்து 14.7ஐக் கழித்தால் 36.7. அலகு மாற்றல் எதிலும் பிழை இல்லாமலேயே ஒன்றரை பிஎஸ்ஐ காணாமல் போயிருக்கும்.

வெற்றிடத்தின் பக்கம் போனால் இது இன்னும் கூர்மையாகிறது. பழைய வெற்றிட மானிகள் 'இத்தனை அங்குல வெற்றிடம்' என்று, வளிமண்டலத்திலிருந்து கீழே எண்ணிக்கொண்டு போகும். முள் 28 அங்குலம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே நியம அழுத்தம் 29.92 அங்குலம் என்றால் கலத்துக்குள் மிஞ்சியிருப்பது 1.92 அங்குலம், 65 ஹெக்டோபாஸ்கல். புயல் நெருங்கி வெளி அழுத்தம் 29.00 அங்குலமாக இறங்கிய நாளில் அதே முள் அதே 28ஐக் காட்டினால் உள்ளே மிஞ்சியிருப்பது ஒரே அங்குலம், 34 ஹெக்டோபாஸ்கல். ஏறக்குறைய பாதி. முள் நகரவே இல்லை. இந்த எண்ணைப் பாஸ்கலுக்கு மாற்ற உலகின் எந்தக் காரணியாலும் முடியாது, அன்றைய காற்றழுத்தத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் முடியும். எங்கள் பதிவேட்டில் வெளி அழுத்தத்துக்கு என்று தனிப் பத்தி இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பது இதனால்தான். அதை வெற்றாக விடுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

ரத்த அழுத்தமும் கேஜ் அழுத்தமே. 120 மில்லிமீட்டர் என்பது வெளிக் காற்றைவிட 120 கூடுதல் என்று பொருள். தனி அழுத்தமாகச் சொன்னால் 880. கடலியலாளர்கள் இந்த விஷயத்தில் மிகவும் ஒழுங்கானவர்கள். ஆழக்கடலின் அழுத்தத்தை டெசிபாரில், அதாவது பாரின் பத்தில் ஒரு பங்கில், குறிக்கிறார்கள். ஒரு மீட்டர் கடல்நீர் ஏறத்தாழ ஒரு டெசிபார் அழுத்தம் தருவதால் எண்ணைப் பார்த்ததும் ஆழம் புரிந்துவிடும். சில ஆயிரம் மீட்டர் ஆழத்திலும் வித்தியாசம் ஓரிரு சதவீதம்தான். அதே சமயம், கடல் அழுத்தம் என்றால் தனி அழுத்தத்திலிருந்து 10.1325 டெசிபாரைக் கழித்தது என்று எழுத்திலேயே வரையறுத்து வைத்திருக்கிறார்கள். அலகும் பூஜ்யமும் ஒருசேரச் சொல்லப்பட்டுவிட்டன. எல்லாத் துறைகளும் இப்படிச் செய்தால் என் வேலையில் பாதி மிச்சமாகும்.

அலகின் பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொல்லும் வழக்கம்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. மூளையைச் சுற்றியுள்ள திரவத்தின் அழுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி அளக்கும்போது திரவம் குழாயில் ஏறும் உயரத்தையே பார்ப்பதால் சென்டிமீட்டர் நீர் என்று எழுதுவார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் மண்டையோட்டுக்குள் வைக்கும் உணரி மில்லிமீட்டர் பாதரசத்தில் காட்டும். ஒரு மில்லிமீட்டர் பாதரசம் 1.36 சென்டிமீட்டர் நீர். 25 என்ற எண் முதல் முறையில் வயது வந்தவர்களுக்கு இயல்பின் மேல்வரம்பு. பாதரசத்தில் அது 18 மட்டுமே. அதே 25 இரண்டாவது கருவியில் வந்தால் 34 சென்டிமீட்டர் நீர். தலைக்காயத்துக்கான சிகிச்சை வழிகாட்டுதல்கள் அழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சையைத் தொடங்கச் சொல்லும் 22 மில்லிமீட்டர் பாதரசத்தை அது தாண்டிவிட்டது. குறிப்பேட்டில் வெறும் 25 என்று இருந்தால், அடுத்த பணிநேரத்துக்கு வருகிறவர் எதை நினைத்துக்கொள்வார்?

விமானங்களின் உலகில் இதற்கு ஒரு தெளிவான உதாரணம் இருக்கிறது. விமானத்தின் உயரமானி அடிப்படையில் ஒரு காற்றழுத்தமானி. இறங்கும் முன் தரையிலிருந்து அன்றைய கடல்மட்ட அழுத்தத்தை வானொலியில் சொல்வார்கள், விமானி ஒரு குமிழைத் திருகி அந்த எண்ணை வைப்பார். உலகின் பெரும்பகுதியில் ஹெக்டோபாஸ்கல். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஜப்பானிலும் அங்குலப் பாதரசம். அங்குலம் பழகிய விமானி வேற்று நாட்டில் இறங்கும்போது 'ஒன்பது ஒன்பது இரண்டு' என்று காதில் விழுகிறது. சொன்னவர் நினைத்தது 992 ஹெக்டோபாஸ்கல். பேச்சில் முதலில் வரும் 2 என்ற இலக்கத்தை விட்டுவிடும் பழக்கம் அங்குலக்காரர்களிடம் உண்டு. ஆகவே கேட்டவர் மனம் 29.92 என்று நிரப்பிக்கொள்கிறது. 29.92 நியம அழுத்தம் என்பதால் கைக்கு மிகப் பழகிய எண்ணும் அதுவே. 992ஐ உண்மையில் மாற்றினால் வருவது 29.29. இரண்டு இலக்கங்கள் இடம் மாறியதுபோல் தோன்றும் இந்த வித்தியாசம் உயரமானியில் ஏறத்தாழ 580 அடி. விமானம் இருக்கும் உயரத்தைவிட 580 அடி மேலே இருப்பதாகக் கருவி காட்டும். மேகத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்போது அந்த 580 அடி எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டனின் வானொலி உரையாடல் விதிகளில், அழுத்தம் 1000க்குக் கீழே போனால் எண்ணோடு ஹெக்டோபாஸ்கல் என்ற சொல்லையும் கட்டாயம் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நான்கு இலக்க எண் மூன்று இலக்கமாகும் இடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது என்று பார்த்து எழுதிய விதி. இவ்வளவு நுணுக்கமாக யோசித்து எழுதப்பட்ட விதியைப் படிக்கும்போது அதை எழுதியவர்கள்மேல் பெரிய மரியாதை வருகிறது.

வாயுவின் அழுத்தம், பருமன், வெப்பநிலை மூன்றையும் இணைக்கும் வாயு மாறிலியை மனப்பாடம் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 8.314, 0.08206, 0.08314, 62.36 என்று நான்கைந்து எண்களை எழுதி வைத்துக்கொண்டு, எந்தக் கணக்குக்கு எது என்று திணறுவார்கள். நான்கும் ஒரே மாறிலி, அழுத்தத்தின் அலகு மட்டும் மாறியிருக்கிறது: கிலோபாஸ்கல், வளிமண்டலம், பார், டார். 0.08206ஐ 101.325ஆல் பெருக்கிப் பாருங்கள், 8.314 வந்து நிற்கும். 62.36ஐ 760ஆல் வகுத்தால் 0.08206. நான் 8.314ஐ மட்டும் வைத்துக்கொள்கிறேன். அழுத்தத்தைக் கிலோபாஸ்கலிலும் பருமனை லிட்டரிலும் போட்டால் ஆயிரமும் ஆயிரத்தில் ஒன்றும் அடித்துக்கொண்டு போய்விடும், அதே எண் நேரே பொருந்தும். இதற்குள் ஓர் அழகான உண்மையும் இருக்கிறது. பாஸ்கல் என்பது கன மீட்டருக்கு ஒரு ஜூல் என்பதற்கும் சமம். அழுத்தம் என்பது பருமனுக்கு இத்தனை ஆற்றல். வாயு ஒரு பார் அழுத்தத்துக்கு எதிராக ஒரு லிட்டர் விரிந்தால் செய்யும் வேலை சரியாக 100 ஜூல், ஒரு வளிமண்டலத்துக்கு எதிராக என்றால் 101.325 ஜூல். இதைப் புரிந்துகொண்ட மாணவருக்கு அலகு மாற்றல் அட்டவணைப் படிப்பாக இருப்பது நின்றுவிடும்.

ஒலியிலும் அழுத்தம்தான், ஆனால் டெசிபலுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. பூஜ்ய டெசிபல் என்று வைத்துக்கொள்ளும் ஒப்பீட்டு அழுத்தம் காற்றில் 20 மைக்ரோபாஸ்கல், நீருக்கடியில் 1 மைக்ரோபாஸ்கல். ஒரே ஒலியழுத்தம் நீரில் 26 டெசிபல் கூடுதலாக எழுதப்படும். திமிங்கிலத்தின் குரலை ஜெட் எஞ்சினோடு ஒப்பிடும் செய்திகளைப் படிக்கும்போது இதை முதலில் பாருங்கள். மறுபடியும் பூஜ்யத்தைப் பற்றிய கேள்விதான்.

இலக்கங்களைப் பற்றி முன்பே கொஞ்சம் சொன்னேன். மாற்றும்போது துல்லியம் கூடுவதில்லை. ரத்த அழுத்தமானியின் அளவுகோடுகள் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. 120ஐ 15.9987 கிலோபாஸ்கல் என்று எழுதினால், கருவி பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சாட்சி சொல்வதாகும். 16.0 போதும். 1979இல் டிப் என்ற சூறாவளியின் மையத்தில் பதிவான 870 ஹெக்டோபாஸ்கல், கடல்மட்டத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த அழுத்தம். அங்குலத்தில் 25.7 என்று நிறுத்திக்கொள்வது நேர்மை. மூலத்தில் எத்தனை முக்கிய எண்ணுருக்கள் நம்பத்தக்கவையோ அத்தனையை வைத்துக்கொண்டால் போதும், வேண்டுமானால் இடைக்கணக்கில் ஒன்றிரண்டு கூடுதலாக.

பாதரசம் இப்போது விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கையின் கீழ் பாதரசக் காற்றழுத்தமானிகளையும் ரத்த அழுத்தமானிகளையும் பல நாடுகள் கைவிட்டு வருகின்றன. மருத்துவத்தில் மில்லிமீட்டர் பாதரசம் என்ற அலகு மட்டும் அப்படியே நிற்கிறது, நிற்கட்டும். கோடிக்கணக்கான பேர் 120, 80 என்ற எண்களை வைத்துத் தங்கள் உடலைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 16, 10.7 என்று மாற்றுவதில் லாபத்தைவிட ஆபத்தே அதிகம் என்பது என் கருத்து. அளவியல் ஆய்வகங்களில் வேறு பாதை திறந்திருக்கிறது. அமெரிக்கத் தேசிய அளவியல் நிறுவனமான நிஸ்ட், ஆளுயரத்தைத் தாண்டிய தன் பாதரச மானோமீட்டருக்குப் பதிலாக ஒளியைக் கொண்டு அழுத்தத்தை அளக்கும் கருவியை உருவாக்கியிருக்கிறது. இரண்டு ஒளிக்குழிகளில் ஒன்று வெற்றிடம், மற்றதில் வாயு. வாயுவுக்குள் லேசரின் அதிர்வெண் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தால் ஒளிவிலகல் எண் தெரியும், அதிலிருந்து ஒரு கன மீட்டரில் எத்தனை மூலக்கூறுகள் என்று தெரியும், அதை வெப்பநிலையாலும் 2019இல் நிலையான மதிப்பு நிர்ணயிக்கப்பட்ட போல்ட்ஸ்மன் மாறிலியாலும் பெருக்கினால் நேரே பாஸ்கல். திரவத்தின் அடர்த்தியும் ஊரின் ஈர்ப்பும் கணக்குக்குள் வருவதே இல்லை. ஆனால் வாயுவின் வெப்பநிலையை மிகமிகத் துல்லியமாக அறிந்தாக வேண்டும்.